எது ‘ஸ்ட்ராங்’ மருந்து?

“மூணு நாள் குடுக்கிற சிரப்பையே எழுதிடுங்க டாக்டர், அதுதான் ஸ்ட்ராங்கு” என்று கேட்கிற தாய்மார்கள் என் கும்பகோணம் கிளினிக்கில் அதிகம். அஸித்ரோமைசினைத்தான் சொல்கிறார்கள். பிள்ளை இரவெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கும். அவர்கள் தவிப்பு நியாயமானது. ஆனாலும், பெனிசிலின் ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கு அதை முதல் மருந்தாக நான் எழுதுவதில்லை.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கும் நீரில், மூக்கின் பின்னால் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் பெருகும். நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்ஸெல்லா ஆகிய மூன்றும் முக்கியமானவை.

இவை மருந்துக்குத் தப்பும் விதம் வேறு வேறு. அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகள், கிருமியின் சுவரைக் கட்டும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துகின்றன. நியூமோகாக்கஸ், வாயில் வாழும் உறவுக்காரக் கிருமிகளிடமிருந்து மரபணுத் துண்டுகளை வாங்கி அந்தப் புரதங்களையே மாற்றிக்கொள்கிறது. அப்போதும் மருந்தின் அளவைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காகவே எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 90 மில்லிகிராம் வரை கொடுக்கிறோம். மொராக்ஸெல்லாவோ மருந்தையே உடைக்கும் நொதியைச் சுரக்கிறது. ஹீமோஃபிலஸிலும் பல அப்படித்தான். அங்கே அளவைக் கூட்டிப் பயனில்லை. நொதியை முடக்கும் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்து வேண்டும். அஸித்ரோமைசின் மூன்று நாளில் முடிந்தாலும் அதன் மிச்சம் உடம்பில் பல நாள் தங்கும். அந்தக் குறைந்த அளவில் பிழைத்துப் பெருகுவது எதிர்ப்புள்ள கிருமிகளே. பிறகு அங்கன்வாடியில் பக்கத்துப் பிள்ளையின் மூக்குக்கும் அவை போகும்.

“அக்காவுக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு, ரெண்டு வேளை குடுத்தேன்” என்பதைக் கேட்கும்போது எனக்கு நிஜமாகவே பயம் வருகிறது.

இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு வலி லேசாக, காய்ச்சல் குறைவாக இருந்தால், வலிக்கு மட்டும் பாராசிட்டமால் கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம். பல பிள்ளைகளுக்குத் தானே சரியாகிவிடும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தை, கடும் காய்ச்சல், சீழ் வடிதல், காதின் பின்னால் வீக்கம் என்றால் காத்திருக்கக் கூடாது.

தடுப்பூசியை நான் மிகவும் நம்புகிறேன். அமெரிக்காவில் 2000இல் நியூமோகாக்கஸ் தடுப்பூசி வந்ததும் மருந்துக்கு அடங்காத பல வகைகள் குறைந்தன. ஆனால் அந்த ஊசியில் இல்லாத 19ஏ என்ற வகை தலையெடுத்தது. 2010இல் வந்த புது ஊசியில் அதையும் சேர்த்தார்கள். 2021 முதல் நம் நாடு முழுவதும் அரசு இலவசமாகப் போடும் ஊசியிலும் 19ஏ உண்டு. 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் என மூன்று தவணை.