முயல் முடியில் விளைந்த பனி

பனிப்படிகத்தை நுண்ணோக்கியில் பார்ப்பவர் மூச்சைக்கூட முகத்தைத் திருப்பித்தான் விடவேண்டும். சூடு பட்டால் போயிற்று. ஜப்பானின் ஹொக்கைடோவில் இயற்பியலாளர் உக்கிச்சிரோ நக்காயா உறைகுளிர் அறையில் நின்றபடி அதைச் செயற்கையாகவே வளர்க்க முயன்றார். படிகம் தொற்றிக்கொள்ள ஓர் இழை வேண்டும். பஞ்சு, பட்டு இரண்டிலும் நெடுக உறைபனி அப்பிக்கொண்டது. முயல் முடியிலோ அங்கங்கே உள்ள சிறு முடிச்சுகளில் மட்டும் பிடித்தது. 1936-ல் அதில்தான் முதல் செயற்கைப் பனிப்படிகம் விளைந்தது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது!

வெப்பநிலைக்கேற்பப் படிகத்தின் வடிவம் மாறும்: மைனஸ் 2 டிகிரியை ஒட்டித் தட்டை, 5-ஐ ஒட்டி ஊசி, 15-ஐ ஒட்டி ஆறு கிளை. நான் வியப்பது கிளை விடுவதைத்தான்: அறுகோணப் படிகத்தின் மூலைகள் ஈரக்காற்றுக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருப்பதால் நீராவி அங்கேதான் முதலில் சேரும், சேரச் சேர மூலை இன்னும் நீளும், நடுப்பக்கம் பின்தங்கிவிடும்.