ஓடும் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றலாமா?

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் ஏறுகிறது. ‘அரோகரா’ முழக்கத்துக்கு நடுவே ஆயிரக்கணக்கான கேமராக்கள் மலையை நோக்கித் திரும்புகின்றன. மறுநாள் ஸ்டுடியோக்காரருக்கு வேறு கவலை: இத்தனை படங்களையும் எங்கே வைப்பது?

அப்போதுதான் அலமாரியிலிருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்குகள் ஞாபகத்துக்கு வரும். ஒன்றில் 2017 பிப்ரவரியில் அண்ணாமலையார் கோயிலில் நடந்த மகா கும்பாபிஷேகப் படங்கள் இருக்கலாம். இன்னொன்றில் யார் வீட்டுக் கல்யாணமோ. அந்தக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்த தாத்தா இன்று இல்லாமல் போயிருக்கலாம். அவருடைய சிரிப்பு அந்த டிஸ்க்கில் மட்டுமே மிச்சம்.

கம்ப்யூட்டரில் எடிட்டிங் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அணைக்காமலே ஒரு டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் நேரம் மிச்சமாகுமே? இப்படி மாற்றுவதற்குப் பெயர் ‘ஹாட் ஸ்வாப்’. வீட்டில் பத்து, பதினைந்து வருடப் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும். பதில், உங்கள் டிஸ்க் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

முதலில் கேபிளைப் பாருங்கள்

கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால், பட்டையான, அகலமான ரிப்பன் போன்ற கேபிள் தெரிகிறதா? அது ஐ.டி.இ. வகை. இதில் ஹாட் ஸ்வாப் கூடவே கூடாது. கரன்ட் இருக்கும்போது பிடுங்கினால் டிஸ்க்கும் போகலாம், மதர்போர்டும் போகலாம். கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

சுண்டுவிரல் அகலத்தில் மெல்லிய கேபிள் என்றால் அது ‘சாட்டா’. 2003-ல் வந்த இந்த வகையில், ஓடும்போதே மாற்றுவதற்கு வசதி செய்திருக்கிறார்கள். இதன் பவர் கனெக்டரில் உள்ள 15 பின்களும் ஒரே நீளம் இல்லை. மாட்டும்போது எர்த் பின்கள் முதலில் தொடும், மின்சாரம் வரும் பின்கள் பிறகு தொடும். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. அதனால் திடீர் மின்பாய்ச்சல் தவிர்க்கப்படுகிறது. பழைய நான்கு பின் பவர் கனெக்டரில் இந்த ஏற்பாடு கிடையாது.

டிஸ்க் மட்டும் போதாது

மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும். பயாஸில் ‘சாட்டா மோட்’ என்ற இடத்தில் ‘ஏ.ஹெச்.சி.ஐ.’ என்று இருந்தால் நல்லது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது ‘ஐ.டி.இ.’ என்றே இருக்கும். உடனே மாற்றிவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். விண்டோஸ் நிறுவிய பிறகு இதை மாற்றினால், கம்ப்யூட்டர் நீலத்திரையோடு நின்றுவிட வாய்ப்பு உண்டு. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இதற்கான டிரைவரே உள்ளே கிடையாது. விவரம் தெரிந்த சர்வீஸ்காரரிடம் விட்டுவிடுவது உத்தமம்.

கழற்றும் முறை

விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை, அதாவது ‘சி’ டிரைவ் உள்ளதை, ஓடும்போது தொடவே கூடாது. மற்ற டிஸ்க் என்றால், அதிலிருந்து திறந்த ஃபைல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். திரையின் கீழ் மூலையில் உள்ள ‘சேஃப்லி ரிமூவ்’ ஐகானை அழுத்துங்கள். காப்பி முடிந்ததாகத் திரையில் தெரிந்தாலும், கொஞ்சம் தகவல் மெமரியில் காத்திருக்கலாம். அதை டிஸ்க்கில் எழுதி முடிக்கத்தான் இந்த ஐகான்.

கழற்றியவுடன் டிஸ்க்கைத் தூக்கி ஆட்டாதீர்கள். உள்ளே இருக்கும் தட்டு சாதாரணமாக நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், மயிரிழையைவிட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. தட்டு நிற்பதற்குள் அசைத்தால் முனை உரசி, படங்கள் இருந்த இடமே சுரண்டப்படலாம். அரை நிமிடம் பொறுங்கள்.

புது டிஸ்க்கை மாட்டிய பிறகு திரையில் தெரியவில்லையா? ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து ‘ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்’ கொடுங்கள். பழைய டிஸ்க்கை மாட்டும்போது ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டால் ‘கேன்சல்’ மட்டும் அழுத்துங்கள். இங்கே தவறுதலாக ‘ஓகே’ கொடுத்துப் படங்களைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

சுலபமான வழி

கேபினட்டுக்குள் இருக்கும் சாட்டா கேபிளின் கனெக்டர், சுமார் 50 முறை கழற்றி மாட்டும் அளவுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. தினமும் மாற்றினால் இரண்டே மாதத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். அடிக்கடி மாற்றுபவர்களுக்கு யு.எஸ்.பி. டாக் நல்லது. டிஸ்க்கை அதில் செருகினால் போதும், கேபினட்டைத் திறக்கவே வேண்டாம். ஐ.டி.இ. டிஸ்க்குக்கும் யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் உண்டு. அதில் டிஸ்க்கை மாட்டிய பிறகே பவரைப் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரே டிஸ்க்கை நம்பியிருக்காமல் இருப்பது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய ‘3-2-1’ விதி எளிமையானது: மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்க்கில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் மகள் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும்.

மகாதீபம் அடுத்த வருடமும் ஏறும், மறுபடி படம் எடுத்துக்கொள்ளலாம். தாத்தாவின் சிரிப்பை மறுபடி எடுக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய டிஸ்க்கை எடுத்து, முதல் வேலையாக ஒரு காப்பி போட்டுவிடுங்கள்.