கமுகந் தோட்டக்காரரின் நாடக மன்றம்

வயலும் தோட்டமும் பார்ப்பவனுக்கு நாடகம் எதற்கு, அது பட்டணத்தவர் பொழுதுபோக்கு அல்லவா என்று கேட்போர் எம்மிடையே உண்டு. இந்தியாவில் கர்நாடக மாநிலத்தின் ஹெக்கோடு என்னும் சிற்றூரார் இக்கேள்விக்குச் செயலால் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

சாகர் பட்டினத்துக்கு அண்மையில், மழை மிகுந்த மலைநாட்டுப் பகுதியில் இருக்கிறது ஹெக்கோடு. கமுகுதான் அங்கே முக்கிய பயிர். 1949இல் அவ்வூரார் சிலர் கூடி ஒரு நாடகச் சங்கம் அமைத்தார்கள். நீலகண்டேஸ்வரர் பெயரைத் தாங்கிய அச்சங்கத்தைச் சுருக்கமாக ‘நீனாசம்’ என்பர். அவர்களுள் ஒருவரான கே. வி. சுப்பண்ணாவுக்கு அப்போது வயது 17. பின்னர் மைசூரில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த அவர், உத்தியோகம் தேடிப் போகாமல் ஊருக்குத் திரும்பிக் கமுகந் தோட்டத்தையே பார்த்தார். சங்கத்தின் பிற்கால வளர்ச்சிக்கு இந்தத் திரும்பி வரவே பெருங் காரணம் என்பது எமது எண்ணம்.

தமது மன்றக் கட்டடம் ஊரோடு நின்றுவிட்டதே என்று வருந்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீனாசத்துக்குச் சொந்த அரங்கு கிடைத்தது 1970களின் தொடக்கத்தில்தான். அதற்கு முந்திய இருபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் ஆட்களும் ஒத்திகையும் பழக்கமுமே மன்றமாக இருந்தன.

1973இல் திரைப்படச் சங்கமொன்றும் தொடங்கப்பட்டது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, ஜப்பானியரான குரோசவாவின் ‘ரஷோமோன்’ போன்ற படங்கள் கிராமத்தவருக்குக் காட்டப்பட்டன. பிறமொழிப் படம் இவர்களுக்கு விளங்குமா என்ற ஐயம் எழாமல் இல்லை. கன்னடத்தில் விளக்கம் கொடுத்துக் காட்டினார்கள். சனம் வந்து பார்த்தது.

1980இல் ஒரு நாடகப் பள்ளி எழுந்தது. அங்கு தங்கிப் படிப்பவர்கள் நடிப்போடு மேடை அமைப்பு, ஒளி, உடை, ஒப்பனை எல்லாவற்றையும் பழக வேண்டும். பயின்றவர் பலர் கர்நாடகத்தின் பல பாகங்களிலும் குழுக்களை நடத்தினர்.

எமக்கு மிகவும் பிடித்தது 1985இல் தொடங்கிய ‘திருகாட்ட’ என்னும் ஏற்பாடு. சுற்றித் திரிதல் என்பது இச்சொல்லின் பொருள். எமது கூத்தைப் போல விடிய விடிய ஆடப்படும் யக்ஷகானம் அப்பகுதியின் பழைய கலை. மழை விட்டதும் யக்ஷகானக் குழுக்கள் ஊர் ஊராகச் செல்வது வழக்கம். அந்த வழக்கத்தையே நீனாசமும் எடுத்துக்கொண்டது. அடைமழை மாதங்களில் ஒத்திகை. மழை ஓய்ந்தபின் நடிகரும் மேடைச் சாமான்களும் ஒரே வாகனத்தில் பயணம். காளிதாசர், ஷேக்ஸ்பியர், பிரெக்ட் ஆகியோரின் நாடகங்களைக் கன்னடத்தில் ஆடுகிறார்கள். போகிற ஊரில் இடமும் சாப்பாடும் படுக்கையும் ஒழுங்கு செய்வது அவ்வூரார் பொறுப்பு. அதனால், பார்க்க வருபவர்களே பாதி நடத்துநர்களாகவும் ஆகிவிடுகிறார்கள்.

அரச மானியமும் வெளிநாட்டு உதவியும் இடையில் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவை வந்தபோது சங்கம் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. உதவி கிடைத்த பிறகு சங்கம் அமைக்கலாம் என்று காத்திருக்கும் எமது குழுக்கள் சில இந்த வரிசையைப் பார்ப்பது நல்லது.

சுப்பண்ணாவுக்கு 1991இல் மக்சேசே விருது கிடைத்தது. 2005இல் அவர் காலமானார். திருகாட்டக் குழு அதன் பின்னரும் மழை விட்டதும் புறப்பட்டது.