கப்பல் நிறுவனம் மாறும்போது: கடலில் பணிபுரியும் வாடிக்கையாளர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியின் தமிழ்க் குடும்பங்களில் பல, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலையும் மாநகராட்சிப் பணியையும் நாடி வந்து வேரூன்றியவை. அவற்றின் இன்றைய தலைமுறையினருக்கு ஓட்டல் மேலாண்மைப் படிப்பும் சமையற்கலைப் பயிற்சியும் புதிய வாயில்களைத் திறந்திருக்கின்றன. அவ்வாயில்களுள் ஒன்று, உல்லாசக் கப்பல்களில் பணி. உணவு பரிமாறுபவராக, அறைப் பணியாளராக, சமையலராகச் சேர்ந்து, ஆண்டின் பெரும்பகுதியைக் கடலில் கழித்து, வீட்டிற்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் நம் வாடிக்கையாளர்களுள் உள்ளனர்.

இரண்டு மூன்று ஒப்பந்தங்கள் முடிந்தபின் அவர்களில் பலருக்கும் எழும் கேள்வி ஒன்றுண்டு: ‘இதே நிறுவனத்தில் நீடிப்பதா, வேறொன்றுக்கு மாறுவதா?’ மாறுதல் தவறன்று. ஆயினும், ஊதிய உயர்வை மட்டும் எண்ணி மாறுபவர்கள் கணக்கில் கொள்ளத் தவறும் சில செய்திகள் உள்ளன. அவற்றை இங்கே வரிசையாக விளக்குகிறோம்.

கப்பல் ஒன்று, வழக்கங்கள் பல

மும்பையிலிருந்து 2021 செப்டம்பர் முதல் கோர்டேலியா நிறுவனத்தின் பெயரில் பயணம் செய்யும் ‘எம்ப்ரஸ்’ கப்பலை எடுத்துக்கொள்வோம். 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்னும் பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்திற்காகக் கடலில் இறங்கியது அது. பின்னர் ஸ்பெயின் நாட்டின் புல்மாந்தூர் நிறுவனத்திடம் சென்றது; மீண்டும் ராயல் கரீபியனிடம் திரும்பியது; அதன்பின் இந்தியாவுக்கு வந்தது. கப்பல் அதுவேதான். ஆனால் கை மாறிய ஒவ்வொரு முறையும் விருந்தினரின் மொழி, உணவு, பணியாளரின் படிநிலை, ஊதிய முறை ஆகிய யாவும் மாறின.

பணியாளருக்கும் இதுவே பொருந்தும். கைத்தொழில் அவருடையது, ஆயினும் அதன் மதிப்பீடு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒரு நிறுவனத்தில் மூத்த பரிமாறுபவராக இருந்தவர், மற்றொன்றில் உதவிப் பரிமாறுபவராகத் தொடங்க நேரலாம். ஜெர்மானிய விருந்தினர் மிகுந்த ஆய்டா, இத்தாலிய மரபுடைய கோஸ்டா போன்றவற்றில் கூடுதல் மொழியறிவு பதவி உயர்வுக்குத் துணைசெய்யும்.

மாறுவதற்கு முன் ஒன்றை அறிந்துகொள்வது நலம். வெவ்வேறு பெயர்களில் இயங்கும் பல நிறுவனங்கள் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கோஸ்டா, ஆய்டா ஆகியவை கார்னிவல் குழுமத்தைச் சார்ந்தவை. செலிப்ரிட்டி, ராயல் கரீபியன் குழுமத்தினுடையது. ஓஷியானியாவும் ரீஜெண்டும் நார்வீஜியன் குழுமத்தினுடையவை. குழுமத்திற்குள்ளேயே இடமாற்றம் கோர வழியிருந்தால், பணிமூப்பை முழுவதுமாக இழக்காமல் மாறும் வாய்ப்புண்டு. ஆகவே பதவி விலகுமுன் இதனை எழுத்து மூலமாகக் கேட்டறிக.

ஊதியத் தொகையை எவ்வாறு ஒப்பிடுவது?

‘மாதம் இத்தனை டாலர்’ என்னும் ஒற்றை எண் எதையும் முழுமையாகச் சொல்வதில்லை. பின்வருவனவற்றைக் கேட்டறிந்தபின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

முதலாவது, அத்தொகையில் உறுதியளிக்கப்பட்ட ஊதியம் எவ்வளவு, விருந்தினர் தரும் அன்பளிப்பைச் சார்ந்தது எவ்வளவு? இரண்டாவது, ஒப்பந்தம் எத்தனை மாதங்கள், அதன்பின் விடுப்பு எத்தனை வாரங்கள்? விடுப்புக் காலத்தில் பெரும்பாலும் ஊதியம் இல்லை. ஆதலால் ஓர் ஒப்பந்தத்தின் மொத்த வருவாயை, ஒப்பந்த மாதங்களோடு விடுப்பு மாதங்களையும் கூட்டி வகுத்துப் பார்க்க வேண்டும். மாதம் 1,200 டாலர் வீதம் 6 மாதம் உழைத்து 3 மாதம் வீட்டில் இருப்பவரின் சராசரி 800 டாலர்தான். மாதம் 1,100 டாலர் வீதம் 8 மாதம் உழைத்து 2 மாதம் இருப்பவரின் சராசரியோ 880 டாலர். முதற்பார்வையில் குறைவாகத் தோன்றியதே உண்மையில் மிகுதி.

மூன்றாவது, மருத்துவப் பரிசோதனை, சீருடை, விமானச் செலவு ஆகியவற்றை யார் ஏற்கிறார்? பழைய நிறுவனத்துக்காகச் செய்த பரிசோதனையைப் புதிய நிறுவனம் ஏற்காமற்போகலாம். தன் பட்டியலில் உள்ள மருத்துவமனையிலேயே மீண்டும் செய்யச் சொல்வது வழக்கம். விடுப்பு நீளும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

வேலைக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை

கடற்பணியாளர் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2006இல் உருவாகி, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதனை 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதன்படி, வேலை தேடித் தருவதற்கென்று பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கடவுச்சீட்டு, சி.டி.சி. எனப்படும் கடற்பணிப் பதிவேடு, சட்டப்படியான மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவை மட்டுமே பணியாளர் ஏற்கலாம். விசாச் செலவு கூடக் கப்பல் உரிமையாளருடையதே.

இந்தியாவில் ஆள் சேர்க்கும் முகவர், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வியக்குநரகத்தின் அலுவலகம் நம் மும்பை காஞ்சுர்மார்கிலேயே உள்ளது. உரிமம் பெற்றோரின் பட்டியல் அதன் இணையதளத்தில் கிடைக்கிறது. ‘பெரிய கம்பெனிக்கு மாற்றித் தருகிறேன், இரண்டு லட்சம் ஆகும்’ என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்பது சட்டம் இடம்தராத தொகை. அத்தொகைக்காகத் தாயாரின் நகையை அடகு வைக்கும் எண்ணம் எழுமானால், அடகுச் சீட்டில் கையொப்பமிடுமுன் உரிம எண்ணைச் சரிபார்க்குமாறு வேண்டுகிறோம்.

இடைவெளியும் வருமான வரியும்

நிறுவனம் மாறும்போது எதிர்பாராத இழப்பு பெரும்பாலும் நேருமிடம் இதுவே. ஒரு நிதியாண்டில் இந்தியாவில் தங்கிய நாட்கள் 182க்குக் குறைவாக இருந்தால், கடற்பணியாளர் பொதுவாக வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுகிறார். அந்நிலையில் வெளிநாட்டுக் கப்பலில் ஈட்டிய ஊதியம், இங்குள்ள என்.ஆர்.இ. கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதனாலேயே வரிக்கு உட்படாது. நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை இதனைத் தெளிவுபடுத்தியது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்டு 31 வரை கப்பலில் இருந்துவிட்டுச் செப்டம்பர் 1 அன்று மும்பை வந்திறங்குகிறார். பழைய நிறுவனத்திலேயே நீடித்திருந்தால் இரண்டு மாத விடுப்புக்குப் பின் நவம்பரில் திரும்பியிருப்பார். வரி நிலை பற்றிய கவலையே எழுந்திராது. அவரோ நிறுவனம் மாறுகிறார். நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, விசா, கப்பல் ஒதுக்கீடு என்று நாட்கள் நீளுகின்றன. மார்ச் 9 அன்றுதான் விமானம் ஏறுகிறார். அந்த நிதியாண்டில் அவர் இந்தியாவில் இருந்த நாட்கள் 190. வரம்பைத் தாண்டிவிட்டார், எனவே அவ்வாண்டின் கப்பல் ஊதியத்திற்கும் வரிப் பொறுப்பு எழக்கூடும். பிப்ரவரி 28ஆம் நாளோ அதற்கு முன்போ புறப்பட்டிருந்தால் எண்ணிக்கை 181ஐத் தாண்டியிராது. ஒன்பது நாள் தாமதம், ஓராண்டின் வரி நிலையையே மாற்றிவிட்டது.

ஆகவே வந்திறங்கிய நாளிலிருந்தே நாட்காட்டியில் எண்ணி வருக. வந்த நாளையும் புறப்படும் நாளையும் இந்திய நாட்களாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. கடவுச்சீட்டின் முத்திரைகளும், சி.டி.சி.யில் கப்பலேறிய, இறங்கிய தேதிகளும் உங்கள் சான்றுகள். அவற்றின் நகல்களை ஆண்டுதோறும் எடுத்துவைப்பீர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மும்பை–கோவா போன்று இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் செல்லும் கப்பலில் பணிபுரியும் நாட்கள் இந்தியாவில் இருந்த நாட்களாகவே கொள்ளப்படும். வீட்டுக்கு அருகில் இருக்கலாம் என்று வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து உள்நாட்டுப் பயணக் கப்பலுக்கு மாறுபவர்கள், ஊதியத்தை வரி கழித்த பின்னான தொகையாகவே ஒப்பிட வேண்டும். தத்தம் நிலைமைக்கேற்ற முடிவைப் பட்டயக் கணக்காளரிடம் கேட்டு உறுதிசெய்வது நன்று.

வங்கிக் கணக்கில் செய்ய வேண்டுவன

சில நிறுவனங்கள் ஊதியத்தைத் தம் ஊதிய அட்டையில் செலுத்துகின்றன. கப்பலிலிருந்து இறுதியாக இறங்குமுன் அதிலுள்ள மீதியை என்.ஆர்.இ. கணக்கிற்கு மாற்றிவிடுக, பயன்படுத்தாத அட்டையில் கட்டணம் கழியக்கூடும். புதிய நிறுவனத்தின் ஊதிய ஒதுக்கீட்டுப் படிவத்தில் கணக்கு எண்ணும் கிளையின் ஸ்விஃப்ட் குறியீடும் பிழையின்றி இருத்தல் வேண்டும்.

பெயரில் தனிக் கவனம் தேவை. நம்மவர் சிலரின் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். வங்கிக் கணக்கில் அதுவே ஒற்றைத் தலைப்பெழுத்தாக இருக்கும். பள்ளிச் சான்றிதழிலோ மகாராட்டிர வழக்கப்படி மூன்று சொற்களாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் தொகை இத்தகைய வேறுபாட்டினால் தடைபடவோ திரும்பிப் போகவோ கூடும். விடுப்பில் இருக்கும் காலத்திலேயே கிளைக்கு வந்து, கணக்கிலுள்ள பெயரைக் கடவுச்சீட்டின்படி அமைத்துக்கொள்வது எளிது.

என்.ஆர்.இ. கணக்கு முதன்மையாக வெளிநாட்டு வருவாய்க்கானது. ஊரிலுள்ள வீட்டு வாடகை போன்ற இந்திய வருவாய்க்கு என்.ஆர்.ஓ. கணக்கு உரியது. மகன் கடலில் இருக்கையில் பெற்றோர் குடும்பச் செலவுக்குப் பணம் எடுக்க வேண்டுமெனில், அட்டையையும் கடவு எண்ணையும் அவர்களிடம் விட்டுச் செல்ல வேண்டியதில்லை. நெருங்கிய உறவினரைக் கணக்கில் இணைப்பதற்கும், கணக்கை இயக்க அதிகாரம் அளிப்பதற்கும் முறையான வழிகள் உள்ளன.

நிரந்தரமாகக் கரை திரும்புவதென்று முடிவு செய்தாலோ, இந்திய ஊதியத்திற்கு மாறினாலோ, அதனைக் கிளைக்குத் தெரிவித்துக் கணக்கின் வகையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தங்களுக்கு இடைப்பட்ட விடுப்பும் நிரந்தரத் திரும்புதலும் ஒன்றல்ல. எனினும் இடைவெளி நீளும்போது புதிய ஒப்பந்தத்தின் நகலைக் கிளையில் சேர்ப்பது பின்னர் எழும் வினாக்களைத் தவிர்க்கும்.

இடைக்காலத்தைத் தாங்கும் ஏற்பாடு

நிறுவனம் மாறுபவர், வழக்கமான விடுப்பைவிட இரு மடங்கு காலம் வருவாயின்றி இருக்கக்கூடும் என்று கொண்டு திட்டமிடுதல் வேண்டும். ஆறு மாதக் குடும்பச் செலவும், அதே காலத்துக்கான கடன் தவணைகளும் கையிருப்பில் இருப்பது நன்று. தவணை ஒன்று தவறினாலும் அது கடன் வரலாற்றில் பதியும். பின்னர் வீட்டுக்கடன் கோரும்போது அதன் விளைவு தெரியும்.

கப்பலில் நேரும் நோய்க்கும் காயத்துக்குமான நிறுவனத்தின் பொறுப்பு ஒப்பந்தத்தைச் சார்ந்தது. இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடையே புதிதாக நேரும் நோய்க்கு நிறுவனங்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. எனவே குடும்பம் முழுமைக்குமான மருத்துவக் காப்பீட்டில் கடற்பணியாளரின் பெயரும் இடம்பெறுதல் வேண்டும்.

நல்ல முறையில் விடைபெறுதல்

ஒப்பந்தக் காலத்தை முடித்து இறங்குவதே சிறந்தது. காலம் முடிந்து இறங்குபவரை ஊருக்கு அனுப்பும் செலவு கப்பல் உரிமையாளருடையது. நியாயமான காரணமின்றி இடையில் விலகினால், அச்செலவைப் பணியாளரிடமே கேட்க ஒப்பந்தம் இடமளிக்கலாம். முன்னறிவிப்புக் காலத்தைப் பன்னாட்டு உடன்படிக்கை ஏழு நாட்களுக்குக் குறையாமல் வகுத்துள்ளது; உங்கள் ஒப்பந்தத்தில் அது இன்னும் நீண்டிருக்கலாம். இறங்குமுன் பணிச் சான்று, மதிப்பீட்டு அறிக்கை, இறுதி ஊதியக் கணக்கு ஆகியவற்றைப் பெற்றுக்கொள்க. கரைக்கு வந்தபின் அவற்றைக் கடிதம் எழுதிப் பெறுவது கடினம்.

புதிய ஒப்பந்தம் கையொப்பமாகிக் கைக்கு வரும்வரை பழைய நிறுவனத்துக்குப் பதவி விலகல் கடிதம் அனுப்ப வேண்டாம். ஒப்பந்தப் படிவம் கிடைத்ததும், விடுப்பில் உள்ள வாடிக்கையாளர்கள் அதன் நகலோடும் கடவுச்சீட்டோடும் கிளைக்கு வந்தால், கணக்கு தொடர்பான மாற்றங்கள் யாவற்றையும் புறப்படுமுன்னரே முடித்துத் தர ஆயத்தமாக இருக்கிறோம். பெற்றோரையும் உடன் அழைத்து வாருங்கள். மாதந்தோறும் பணம் எடுக்க வரப்போகிறவர்கள் அவர்களே; கணக்கு எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர்களும் நேரில் அறிந்திருப்பது நல்லது.