புலி இல்லாத காட்டில் எதைத் தேடுவது?

ஆப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் நாமே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் யானையையும் சிங்கத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அந்தமானிலும் அப்படி ஒரு நாள் சுற்ற முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக முடியும். போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட ஊரில், ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்தால் போதும். கிளம்புவதற்கு முன்னால், கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள், ஒரு விஷயத்தை மட்டும் பேசி முடித்துவிடுவோம்.

விமானம் இறங்கும்போது சன்னல் வழியே பார்த்தால் கடற்கரை வரைக்கும் காடு இறங்கி வந்திருக்கும். இவ்வளவு அடர்ந்த காட்டில் புலியோ சிறுத்தையோ கரடியோ இல்லாமலா போகும் என்றுதான் ஏறக்குறைய எல்லோருக்கும் தோன்றும். இல்லை. ஒன்றுகூட இல்லை. நம் ஊர்க் காடுகளில் முதலில் கண்ணில் படும் குரங்குகூட அந்தமானுக்கு உரியதல்ல. அதைப் பார்க்கத் தெற்கே நிக்கோபாருக்குத்தான் போகவேண்டும்.

ஏன் இப்படி? இந்தத் தீவுகள் மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தொடர்வதன் உச்சிகள். மியான்மர் கரையிலிருந்து வட அந்தமான் சுமார் 200 கிலோமீட்டர். பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்தபோது இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. ஆனால் நடுவில் இருந்த ஆழமான நீர்ச்சந்தி வற்றவில்லை. நடந்து வரவேண்டிய விலங்குக்கு வழியே கிடைக்கவில்லை. காடு அடர்த்தியாக இருந்தால் பெரிய விலங்கு இருக்கும் என்ற கணக்கே சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஆப்பிரிக்காவின் பெருங்கூட்டங்கள் பெரும்பாலும் வாழ்வது திறந்த புல்வெளிகளில். மேய்வதற்கு அங்கேதான் புல் இருக்கிறது. மழைக்காட்டில் இலையும் பழமும் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கின்றன.

அப்படியானால் வந்து சேர்ந்தது யார்? பறந்து வந்த பறவைகளும் வௌவால்களும், நீந்தத் தெரிந்த உவர்நீர் முதலையும் உடும்பும், மிதந்துவந்த மரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லிகளும். காட்டுப்பன்றி உண்டு, அதைப் பழங்காலத்தில் மனிதர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கருதுவோர் பலர்.

வந்தவை வந்தபடியே இருந்துவிடவில்லை. கடல் கடந்து குடியேறிய குடும்பத்தின் குழம்பு மூன்றாம் தலைமுறையில் ஊர்க்குழம்பாக இல்லாமல் தனக்கென்று ஒரு ருசிக்கு வந்துவிடும் அல்லவா, அதுபோலத்தான். வேறெங்கும் இல்லாமல் ஒரே இடத்தில் மட்டும் வாழும் இப்படிப்பட்ட உயிரை ஓரிடவாழ்வி என்கிறார்கள். நம் ஊர்ச் செம்போத்துக்குக் கறுப்பு உடம்பு, செங்கல் நிறச் சிறகு. அந்தமான் செம்போத்துக்குச் சிறகு அதே நிறம்தான். உடம்பு மட்டும் வெளிறிய பழுப்பு. அந்தமான் மரங்கொத்தி உடல் முழுக்கக் கறுத்து, தலையில் சிவப்புக் கொண்டையோடு இருக்கும். பாம்புக்கழுகு, கரிச்சான், வால்காக்கை என்று பலவற்றுக்கும் இங்கே தனி இனமே இருக்கிறது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது ஒரு பல்லி. தென்னை மரத்திலோ வீட்டுச் சுவரிலோ பட்டப்பகலில் ஓடும். தளிர்ப் பச்சை உடம்பில், முதுகில் சிவப்புப் பொட்டுகள். பூந்தேனையும் நக்கும். இதன் நெருங்கிய உறவுகள் எல்லாம் மடகாஸ்கர், மொரிஷியஸ், செஷல்ஸ் பக்கம்தான். நடுவே இந்தியப் பெருங்கடல் முழுவதும் கிடக்க, இந்த ஒன்று மட்டும் அந்தமானில் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பக்கத்து உயிர் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டவருக்கு, அது காட்டுக்குள் போகுமுன்பே விடுதிச் சுவரிலேயே கிடைத்துவிடலாம்.

பெரிய விலங்கே இல்லையென்றால் மான் எப்படி வந்தது என்று கேட்கலாம். இனி அதற்கு வருவோம். ராஸ் தீவில் இறங்கியதும் புள்ளிமான்கள் பக்கத்திலேயே வந்து நிற்கும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த மான்கள் பிரிட்டிஷ் காலத்தில் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை. அடிக்கப் புலியில்லை, நீந்தித் தீவுக்குத் தீவு பரவின. அவை மரக்கன்றுகளையும் தாழ்ந்த செடிகளையும் மேய்ந்து தீர்க்கும் இடங்களில், செடிகளை நம்பி வாழும் பல்லிகள் குறைந்துபோவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். யானையின் கதையும் இதே வகை. மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டவை அவை. 1962-ல் ஒரு மரக் கம்பெனி நொடித்துப்போனபோது சுமார் 40 யானைகளை இன்டர்வியூ தீவில் விட்டுவிட்டுப் போய்விட்டது. பிரம்பையும் மரப்பட்டையையும் தின்று அவை அந்தக் காட்டையே மாற்றின. மான் நிற்கும் காடு செழிப்பான காடு என்று பெருநிலத்தில் பழகிய கண்ணுக்குத் தோன்றும். இங்கே அது நேர்மாறு. தரையோடு செடி மண்டி, உள்ளே பார்க்கவே முடியாத காடுதான் நலமாக இருக்கும் காடு.

சரி, கிளம்பலாம். விடிந்ததும் முதலில் சிப்பிகாட். 2004 சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. வயல்களில் கடல்நீர் ஏறி நின்றது, திரும்பவில்லை. விவசாயிகளுக்கு அது தீராத இழப்பு. அந்த நீர்நிலைகளில்தான் இன்று கொக்கும் நாரையும், அதிர்ஷ்டம் இருந்தால் கண்ணைச் சுற்றி வெள்ளை படிந்த அந்தமான் கிளுவை வாத்தும் இறங்குகின்றன. சாலையோரம் நின்றே பார்க்கலாம். ஓடைக்குள் கால் வைக்க வேண்டாம். முதலை எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல.

வடக்கே போகும் டிரங்க் ரோட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடறுத்துப் போகிறது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியிலிருந்து வண்டிகள் வரிசையாகத்தான் விடப்படும். நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். மனிதர்களை வேடிக்கை பார்க்கவே அந்தச் சாலையில் போனவர்கள் உண்டு. 2012-ல் வெளியான அப்படிப்பட்ட ஒரு காணொளி நாட்டையே வெட்கப்பட வைத்தது. அந்த நினைப்பிருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

பிற்பகலில் தெற்கே சிடியா டாப்பு. ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடக்கவேண்டும். தூரத்தில் அசையும் உருவத்தைத் தேடாமல், உச்சிக் கிளைகளையும் பக்கத்து மரத்தண்டையும் பாருங்கள். கரிச்சான் கூட்டம் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. பல பறவைகள் சேர்ந்து இரை தேடிக்கொண்டிருக்கும். டிசம்பரில் ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். சூரியாஸ்தமனம் பார்க்க வந்த கூட்டம் உடனே திரும்பிவிடும். ஆந்தைகள் கூப்பிட ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். ஆகவே இன்னும் அரைமணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும் சாலை வளைந்து வளைந்து போகும், நிதானமாக ஓட்டுங்கள்.