கடலின் இரு கரையிலும் ரூபாய்

மழை பொய்த்த ஆண்டுகளில், வைகையின் இருபுறமும் விரிந்து கிடக்கும் வானம் பார்த்த நிலங்களில் வாழ்ந்தோருக்குக் 'கண்டிச் சீமை' என்பது பிழைப்பின் மறுபெயராக இருந்தது. மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் பல்லாயிரவர். 1902ஆம் ஆண்டு மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை அமைந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், கடல் கடப்பது அடுத்த மாவட்டத்துக்குச் செல்வது போலாயிற்று. அவ்வாறு சென்றவர் அங்கே ஈட்டிய ஒரு ரூபாய், இங்கே எத்தனை ரூபாயாயிற்று? நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

நெடுங்காலம் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1869ஆம் ஆண்டு முதல் இலங்கையின் சட்டபூர்வமான நாணயம் இந்தியாவின் வெள்ளி ரூபாயே. சில்லறையில் மட்டும் வேறுபாடு இருந்தது. 1872 முதல் இலங்கையர் ரூபாயை நூறு சதமாகப் பகுத்தனர். நாமோ 1957 ஏப்ரல் முதல் நாள் வரை பதினாறு அணாவாகவே எண்ணிவந்தோம். ஆகவே ஓரணாவுக்கு ஆறேகால் சதம் என்ற கணக்குத் தெரிந்தவருக்கு வேறு நாணயமாற்றுக் கல்வி தேவைப்படவில்லை. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்து, அதன் நோட்டுகளை வைத்திருந்தோர் திகைத்து நின்றபோது, இலங்கை அரசாங்கமே நோட்டு வெளியிட முன்வந்தது. அந்த நோட்டுக்கும் அடிப்படை இந்திய ரூபாய்தான். 1870களுக்குப் பின் உலகில் வெள்ளியின் விலை சரிந்தபோது இரண்டும் சேர்ந்தே சரிந்தன. 1893இல் இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தர மறுத்தபோது, அதன் பயனும் இரு கரைக்கும் பொதுவாயிற்று. இரவல் நாணயத்தில் வாழும் நாடு, கொடுத்தவன் வீட்டுச் சுகதுக்கத்தில் பங்குகொண்டுதானே ஆகவேண்டும்!

1950 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி தொடங்கியது. ரூபாய் இப்போது இரண்டாயிற்று. எனினும் மதிப்பு ஒன்றாகவே நின்றது. காரணம் எளிது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது இரு நாடுகளும் அதைப் பின்பற்றின. இரண்டிலும் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றாயிற்று. இங்கே ஒரு நுட்பத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். என் நெல்லையும் உங்கள் நெல்லையும் ஒரே மரக்காலால் அளந்து இரண்டும் சமம் என்கிறோம். நம் இருவருக்குமிடையே உடன்பாடு ஏதும் இல்லை. மரக்கால் ஒன்றாக இருந்ததே காரணம். இரு ரூபாய்களுக்கும் மரக்காலாக விளங்கியவை பவுனும் டாலரும்.

1966 ஜூன் 6ஆம் நாள் அந்தச் சமம் முறிந்தது. இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, டாலருக்கு 4.76 என்பது 7.50 ஆயிற்று. போர்களும் வறட்சியும் வெளிநாட்டுக் கடனும் டில்லியை நெருக்கியதால் வந்த முடிவு அது. இலங்கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் மறுநாள் காலையில் ஓர் இலங்கை ரூபாய், ஒரு ரூபாய் 57 காசுக்குச் சமமாகிவிட்டது. இலங்கை செழித்ததனாலோ எனில், அன்று. அங்கும் அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடுதான். ஒரு பக்கம் தாழ்ந்தது, மறுபக்கம் அசையவில்லை, அவ்வளவே.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் தம் சேமநிதியையும் பணிக்கொடையையும் உடன் கொண்டுவரலாம். ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கும் உச்சத் தொகையை 4,000 ரூபாய்க்குக் கீழ் குறைப்பதில்லை என இலங்கை ஒப்புக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியதன் மிச்சம் அதுதான். அத்தொகையை அதிகார வீதப்படி மாற்றிப் பார்ப்போம். ஒப்பந்த நாளில் அது 4,000 இந்திய ரூபாய். 1966 ஜூனுக்குப் பின் ஏறத்தாழ 6,300. 1967 நவம்பரில் பிரிட்டனை அடுத்து இலங்கையும் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 5.95 என்று வைத்தது. தொகை 5,040 அளவுக்கு இறங்கியது. ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டதே 1967இல்தான். மக்கள் பெருந்திரளாகக் கப்பலேறியது அதற்கும் பின்னர். மிகுதியாகக் கிடைத்திருக்கக்கூடிய அந்தப் பதினேழு மாதங்களில் வந்து சேர்ந்தோர் சிலரே.

1968 மே மாதம் இலங்கை ஒரு புதுமை செய்தது. அரிசி, மாவு போன்ற இன்றியமையாப் பொருள்களுக்கு ஒரு வீதம்; ஏனைய பலவற்றுக்குச் சான்றிதழ் வாங்கி 44 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். முதல் வீதப்படி இலங்கை ரூபாய் நம் ரூபாயைவிட உயர்ந்தது. சான்றிதழ் வீதப்படி டாலருக்கு 8.57 ஆகி, நம் ரூபாய்க்குக் கீழே நின்றது. ஒரே நோட்டு, ஒரே நாளில், இரண்டு மதிப்பு! 'இலங்கைக் காசுக்கு இங்கே என்ன விலை?' என்று அந்நாளில் கேட்டவருக்கு, எந்தக் காரியத்துக்கு என்று திருப்பிக் கேட்டுத்தான் விடை சொல்லியிருக்க முடியும்.

1977 நவம்பரில் இலங்கை இவ்விரட்டை முறையைக் கைவிட்டு, டாலருக்கு 16 ரூபாய் என்று தொடங்கி, வீதத்தைச் சந்தையோடு மிதக்கவிட்டது. நம் ரூபாய் அப்போது டாலருக்கு எட்டரை அளவில் இருந்தது. அதே 4,000 ரூபாய் இப்போது இரண்டாயிரத்துச் சொச்சம். 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின், இராமேசுவரத்துக்கே கப்பல் வந்துகொண்டிருந்தது. மண்டபம் முகாமில் முன்னே இறங்கிய குடும்பமும் பின்னே இறங்கிய குடும்பமும் ஒரே தோட்டத்தில் ஒரே அளவு உழைத்திருக்கலாம். கைக்கு வந்த தொகையோ, கப்பலேறிய ஆண்டைப் பொறுத்தது.

2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் மீண்டும் பெருஞ்சரிவு கண்டது. டாலருக்கு ஏறத்தாழ 200 என்றிருந்தது, மே மாதத்துக்குள் 360 அளவை எட்டியது. ஆறேகால் சதத்துக்கு ஓரணா என்று மாற்றிக்கொண்ட கரைகளுக்கிடையே, அப்போது நம் ஒரு ரூபாய் அவர்களுடைய நாலரை ரூபாய்க்கு மேல் பெற்றது.