நூல் நம்பரும் சம விகிதமும்

வடசேரி நெசவாளர் வீட்டுச் சிறுவருக்கு விகிதம் கற்பிக்கக் கரும்பலகை வேண்டுவதில்லை; நூற்கட்டே போதும். ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு ராத்தலில் எத்தனை சிட்டமோ அதுவே நூலின் நம்பர். கிலோவில் நிறுக்கும் இந்நாளிலும் இக்கணக்கு அந்த 453.6 கிராம் ராத்தலையே பற்றி நிற்கிறது. ஆகவே 40ஆம் நம்பரில் 2 ராத்தலுக்கு 80 சிட்டம். 3 ராத்தலுக்கு 120. சிட்டத்தை ராத்தலால் வகுத்தால் இரண்டிலும் ஈவு 40. இவற்றையே சம விகிதங்கள் என்கிறோம்.

வண்டிக்கூலி சேர்ந்த விலை அத்தகையதன்று. கட்டு இரட்டித்தாலும் கூலி இரட்டிப்பதில்லை. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

40 என்று விற்ற நூலில் 4 ராத்தலுக்கு 150 சிட்டமே இருந்தால் ஈவு 37½. நூல் பருமனாயிருக்கலாம், ஈரம் ஏறியிருக்கலாம். அங்கத்தினர்கள் பணம் கொடுக்குமுன் வினவுக.